போத்தல் போடுகிற இடத்தில் ஒரு சேமக்காலை

கோபம் வந்துதான் நான் பழைய வரைபடம் பார்க்கத் தொடங்கினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள் நான். எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்தக் கடைக்கு எந்த நாளில் முருங்கைக்காய் வரும் என்பதற்கு மேல் இந்த நாட்டு நிலத்தைப் பற்றி அறிய எனக்குத் தேவை இருக்கவில்லை.

ஊஸ்டரிலிருந்து பஸ்ஸில் போகிற ஒரு கிராமத்தில்தான், கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து இருக்கிறேன். என் கணவர் அந்தக் கிராமத்து உணவகத்தில் சமையல்காரராக இருந்தார். மகன் முதலாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் நெஞ்சு நோகுது என்று கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். எரிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கிராமத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம்.

எங்கள் ஊரில் புருசனும் பெண்சாதியும் ஒரே குழிக்குள் போவார்கள். முதலில் போனவருடைய கல்லறையை மற்றவருக்குக் காலம் வரும்போது திறந்து, இருக்கிற எலும்பை ஒரு பக்கம் ஒதுக்கி, அதே மண்ணில் இறக்குவார்கள். என் தாயும் தகப்பனும் அப்படித்தான் கிடக்கிறார்கள். அதனால் அவரைப் புதைத்த அன்றே என் இடமும் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் துக்கத்திலும் அது ஒரு நிம்மதியாக இருந்தது. பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் களை பிடுங்கிக்கொண்டே, "இஞ்சாருங்கோ, கொஞ்சம் தள்ளிப் படுங்கோ, நானும் வரவேணும்" என்று அவரோடு பகிடி விட்டிருக்கிறேன்.

முந்தின வருடம், சகல ஆத்துமாக்களின் திருநாளுக்கு மெழுகுதிரியும் பூவுமாகப் போனேன். அவருடைய வரிசையின் தொடக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தது. டொச்சில், அதாவது இந்த நாட்டு ஜெர்மன் மொழியில், எழுதியிருந்தார்கள். இந்த வரிசைகளின் இருபது வருட ஓய்வுக்காலம் முடிந்துவிட்டது, வருகிற வசந்தத்தில் கல்லறைகள் அகற்றப்படும், உறவினர்கள் கெமைண்டே அலுவலகத்தோடு தொடர்புகொள்ளவும். கெமைண்டே என்றால் இங்கே ஊராட்சி. பிறப்பு, இறப்பு, பள்ளிக்கூடம், குப்பை எல்லாம் அவர்கள் கையில்தான். நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஓய்வுக்காலம் முடிந்ததாம். லீவு முடிந்த ஆளை வேலைக்கு வரச் சொல்வது போல எழுதியிருந்தார்கள்.

மகனுக்குப் போன் எடுத்தேன். "ஓம் அம்மா, இங்க அப்பிடித்தானே. உங்களுக்குத் தெரியாதோ?" என்றான். இங்கேயே பிறந்தவன். பழைய கடதாசி எடுக்க லொறி வருகிற நாள் போல அவனுக்கு இதுவும் ஒரு ஒழுங்கு.

கணவரின் தமையன் ஓல்டனில் இருக்கிறார். அடக்கத்தின்போது அலுவலகத்தில் கதைத்ததெல்லாம் அவர்தான். எனக்கு அப்போது டொச்சும் வராது, தலையும் வேலை செய்யவில்லை. அவரைப் பிடித்தேன்.

"அண்ணை, குழி எங்கட எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ரெண்டு விதம் இருக்கெண்டு சொன்னவங்கள் பிள்ளை. ஒண்டு குடும்பக் கல்லறை, அதுக்குக் காசு கட்டவேணும். மற்றது வரிசைக் கல்லறை, ஊரில பதிஞ்ச ஆக்களுக்குச் சும்மா. சும்மா தாறதை ஏன் விடுவான் எண்டு எடுத்தனான்."

"திருப்பி எடுப்பாங்களோ எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லையோ?"

"செத்த ஆளின்ர குழியை ஆர் பிள்ளை திருப்பிக் கேப்பான்?"

அவரில் பிழை சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஆள் எவரை நிறுத்தியிருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார். குழி என்றால் குழி. அதற்கும் ஒரு தவணை உண்டு என்று எங்களில் எவருக்குத் தோன்றும்? ஆனாலும் வாயில் வந்ததையெல்லாம் அவருக்குச் சொல்லித்தான் போனை வைத்தேன்.

கெமைண்டே அலுவலகத்தில் ஒரு இளம் பெண் இருந்தாள். நல்ல பிள்ளை, நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. நான் கேட்டது ஒன்றுதான். அவரை அங்கேயே விடுங்கள், என் காலம் வரும்போது என்னையும் அதற்குள் வையுங்கள். முடியாது என்றாள். வரிசைக் கல்லறைக்குத் தவணை நீட்டவும் முடியாது, அதைக் குடும்பக் கல்லறையாக மாற்றவும் முடியாது. நான் அழப்போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, ஆறுதலாக ஒரு வசனம் சொன்னாள். "இது உங்களுக்கு மட்டும் இல்லை. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். இந்த ஊரில் என்றைக்கும் இப்படித்தான்."

அந்த வசனம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. என்றைக்கும் என்றால் எப்போதிருந்து? எல்லாரும் என்றால் ஆர், ஆர்? காலமெல்லாம் சமையலறையில் நின்றவள் நான். எல்லாருக்கும் ஒரே அளவு என்று எவராவது சொன்னால் சட்டிக்குள் எட்டிப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

மகன் வந்தபோது, முந்திய காலத்தில் இந்த ஊர்ச் சேமக்காலை எங்கே இருந்தது என்று அறிய வழி உண்டா என்று கேட்டேன். தன் மடிக்கணினியில் அரசாங்க நில அளவையின் தளத்தைத் திறந்து வைத்தான். கொள்ளுப்பாட்டன் காலத்திலிருந்து இந்த நாட்டுக்குக் கீறிய வரைபடமெல்லாம் அதில் கிடக்கிறது. கீழே ஒரு கோடு, கோட்டில் ஒரு புள்ளி. புள்ளியை இழுக்க இழுக்க வருடம் பின்னால் போகும். எங்கள் மாடிக் கட்டடம் மறைந்து புல்வெளியாகும். சுப்பர்மார்க்கெட் மறைந்து சதுப்பாகும். ஆற்றங்கரையில் மட்டும் நூல் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.

"உவங்கள் ஒண்டையும் எறிய மாட்டாங்கள், என்ன? செத்தவனைத் தவிர," என்றேன். மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இன்றைய சேமக்காலை இருக்கும் இடம் பழைய தாளில் வெறும் திராட்சைத் தோட்டம் என்றான் மகன். அது எப்படித் தெரியும் என்றேன், ஓரத்துக் குறிவிளக்கத்தைக் காட்டினான். அதே விளக்கத்தில் சேமக்காலைக்கும் ஒரு குறி இருந்தது, குட்டிக் குட்டிச் சிலுவைகள். பிறகு எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. தேவாலயத்தைச் சுற்றிச் சிலுவைகள். புள்ளியை முன்னுக்கு இழுத்தேன், சிலுவைகள் போய்விட்டன, இடம் வெள்ளையானது. இன்னும் இழுத்தேன், அந்த வெள்ளை நிலம் சாம்பல் நிறச் சதுரமானது. அது இன்றைய வாகனத் தரிப்பிடம்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அங்கே இறங்கி நின்றேன். தரிப்பிடத்தின் மூலையில் பழைய போத்தல் போடுகிற இரும்புப் பெட்டிகள். பச்சைக்கு ஒன்று, மண்ணிறத்துக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. மகன் பிறந்த நாளிலிருந்து நான் ஊறுகாய்ப் போத்தலும் ஜாம் போத்தலும் கொண்டுவந்து சளார் சளார் என்று உள்ளே எறிந்த இடம். கீழே ஒரு ஊரே படுத்திருக்கிறது. ஒருதடவை ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டேன் என்று எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து ஏசினார், மனிதர் நித்திரை கொள்ள வேண்டாமா என்று. உயிரோடு இருக்கிறவனுடைய மதியத் தூக்கத்துக்கு அவ்வளவு மரியாதை.

சரி, அந்தப் பெண் சொன்னது உண்மைதான் போல, தங்கள் சனத்தையும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று கோபம் கொஞ்சம் அடங்கப் பார்த்தது. அப்போதுதான் கோயில் சுவரோரம் இருந்த இரும்பு வேலி கண்ணில் பட்டது. ஆளுயரக் கல், மேலே சிறகு விரித்த ஒரு சம்மனசு, முன்னால் வெட்டி விட்ட பசுஞ்செடி. எத்தனையோ வருடமாக அதைக் கடந்து போயிருக்கிறேன், ஏதோ நினைவுத்தூண் என்று நினைத்திருந்தேன். கிட்டப் போய் வாசித்தால், ஆற்றங்கரை ஆலையின் முதலாளியும் அவர் குடும்பமும். பக்கத்தில் கெமைண்டே வைத்த விளக்கப் பலகை, இது பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சின்னம் என்று. வீட்டுக்கு வந்து மீண்டும் வரைபடத்தைத் திறந்தேன். ஒவ்வொரு வருடமாக இழுத்துப் பார்த்தேன். சுற்றியிருந்த சிலுவைகள் எல்லாம் போன பிறகும் சுவரோரம் ஒரு குட்டிச் சதுரம் மட்டும் அசையாமல் இருந்தது. அவர் என் கணவருக்கு எவ்வளவோ காலத்துக்கு முன் செத்தவர். அவருடைய ஓய்வுக்காலம் இன்னும் முடியவில்லை.

பிறகு என்னைப் பிடிக்க ஏலாது. மகன் தன் வேலையிடத்தில் பழைய தாளைப் பெரிதாக அச்செடுத்துத் தந்தான். லீவு நாட்களில் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். முதல் நாளே நல்ல பாடம். மண்ணிறக் கோடுகளை ஒற்றையடிப் பாதை என்று நினைத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனேன். அவை மேட்டின் உயரம் காட்டுகிற கோடுகளாம். சேற்றில் வழுக்கி, முள்ளைப் பிடித்து, ஒரு மாட்டுக் கொட்டிலின் பின்புறத்தில் போய் ஏறினேன். ஆனாலும் கண் பழகியது. ஆலைச் சக்கரத்துக்குத் தண்ணீர் கட்டிய குளம் இப்போது தாரா நீந்துகிற குளம். தொழிலாளரை அடைத்து வைத்த நீட்டு வீட்டில் இப்போது கண்ணாடிப் பால்கனி, உள்ளே பணக்காரர். ஒரு வயலுக்கு ஏழைகளின் காணி என்று பெயர் எழுதியிருந்தது. அங்கே குதிரை மேய்கிறது.

அந்தக் காணிக்கு அப்பால், ஊரெல்லையில், காட்டோரமாக மூன்று சிலுவைகள் வரைபடத்தில் தனியாக நின்றன. கோயிலும் இல்லை, வீடும் இல்லை. அடுத்து வந்த தாளில் அவையும் இல்லை.

பனி கரைந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். நாய்ப் பள்ளிக்கூடம். வேலி போட்ட புல்தரையில் நாய்கள் கம்பு தாண்டிக்கொண்டிருந்தன, எசமானர்கள் விசில் ஊதினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரி றப்பர்ச் சப்பாத்தோடு வந்தாள். தாளைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள்.

"ஓ, அதுவா. ஆலைக்கு வெளியாட்களைக் கொண்டுவந்தார்களாம். பிறகு ஏதோ காய்ச்சல் வந்ததாம். கோயிலடியில் அவர்களை வைக்க ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. இது புரட்டஸ்தாந்து ஊர், அவர்கள் வேறு சமயம் பாருங்கள், உங்களைப் போல கத்தோலிக்கர்," என்றாள். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்திருப்பாள்.

"பிறகு?"

"ஆலை மூடிய பிறகு எவரும் வரவில்லை. என் மாமனார் உருளைக்கிழங்கு போட்டார். நல்ல விளைச்சல்."

அவள் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. நான் வேலிக்குள் கால் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது. விசில்காரர் வந்து, உறுப்பினர் அல்லாதவர்கள் தரையில் நிற்கக் கூடாது என்று மிகவும் பண்பாகச் சொன்னார்.

அன்றைக்கு பஸ்ஸில் இருந்து யோசித்தேன். முதலாளிக்கு இரும்பு வேலி. ஊர்ச்சனத்துக்குப் போத்தல் பெட்டி. வெளியாளுக்கு உருளைக்கிழங்கு, பிறகு நாய். இதைத்தான் அந்தப் பிள்ளை எல்லாருக்கும் ஒன்று என்று சொன்னது. தாளில் எல்லாம் இருக்கிறது, இனி எவர் மறுக்க முடியும் என்று ஒரு தைரியம் வந்தது. விசர்த் தைரியம்.

சேமக்காலைக்குப் பொறுப்பான ஊராட்சி உறுப்பினரிடம் நேரம் கேட்டுப் போனேன். தாள்களை மேசையில் விரித்தேன். மனுசன் முகம் மலர்ந்துவிட்டார். பழைய வரைபடம் என்றால் அவருக்கு உயிராம். விரலால் ஆற்றைத் தடவிக்கொண்டு போனார், தன் பாட்டனார் வீட்டைக் கண்டுபிடித்தார், காட்டோரத்து மூன்று சிலுவை தனக்கே தெரியாது என்றார். எனக்குக் கோப்பி வந்தது, பிஸ்கட் வந்தது. ஊர் வரலாற்றுச் சங்கம் இலையுதிர் காலத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறதாம், நான் வந்து பேச வேண்டுமாம். "எங்கள் ஆட்களே இதைக் கவனிப்பதில்லை. உங்களைப் போன்ற ஒருவர் வந்து பேசினால் எவ்வளவு அழகாக இருக்கும்!"

நான் முதலாளியின் சதுரத்தில் விரலை வைத்தேன். இவரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அது வேறு. அது இந்த ஊரின் வரலாறு."

"என் கணவர் இந்த ஊர் உணவகத்தில் பத்து வருடம் உங்களுக்கெல்லாம் சமைத்தார். உங்கள் கலியாண விருந்து எங்கே நடந்தது?"

அவர் யோசித்தார். "ஓ, அங்கேதான்! அந்தக் காளான் சோஸ்! அவரா உங்கள் கணவர்?" என்றார். சோஸ் நினைவிருந்தது. முகம் நினைவில்லை என்று அவரே சொன்னார். பிறகு எழுந்து நின்று, தனக்கு உண்மையிலேயே வருத்தம் என்றும், ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றும், விரும்பினால் கல்லை நான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றும் சொன்னார். கண்காட்சியை மறக்க வேண்டாம் என்று கதவடியில் மறுபடி சொன்னார். நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கண்காட்சிக்கு நான் போகவில்லை.

பங்குனி கடைசியில் சின்ன மண்வாரி இயந்திரம் ஒன்று வந்தது. லீவு எடுத்துக்கொண்டு போய் நின்றேன். வரிசை வரிசையாகக் கல்லைப் பிடுங்கி லொறியில் போட்டார்கள். இவற்றை என்ன செய்வீர்கள் என்று இயந்திரக்காரரிடம் கேட்டேன். உடைத்து ரோட்டுக்கு அடியில் போடுவார்கள் என்றார். எலும்பு? "அதைத் தொடமாட்டோம் அம்மணி. மேலே இருப்பதை மட்டும்தான் எடுப்போம். அவர் கீழே அப்படியே இருப்பார்." அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ அங்கே நிற்க முடியவில்லை. ஆள் இருக்கிறார், இருக்கிற இடம் மட்டும் இல்லை.

மகனும் அவன் கூட்டாளியும் சேர்ந்து கல்லைக் காரில் ஏற்றினார்கள். எங்கள் வீடு மூன்றாம் மாடி. நிலவறையில், காரின் குளிர்காலச் சில்லுகளுக்கும் மகனின் பழைய பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவில் வைத்தோம். பக்கத்து அறையில் உடுப்புத் தோய்க்க வருகிற பெண்கள் பயப்படுகிறார்கள், எழுத்துப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைக்க முடியுமா என்று கட்டடப் பராமரிப்பாளர் கேட்டார். திருப்பி வைத்தோம்.

மேலே வந்து தேத்தண்ணி குடிக்கும்போது மகன் சொன்னான்: "அம்மா, உங்களுக்கு நாங்கள் எரிப்பம், என்ன? பிறகு இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை. நீங்கள் விரும்பின இடத்தில சாம்பலைப் போடலாம்."

நான் விரும்பின இடம் எது என்று அவன் கேட்கவில்லை. நான் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

புல் முளைத்த பிறகு ஒருநாள் கெமைண்டே அலுவலகத்துக்கு மறுபடி போனேன். அதே பிள்ளை. அந்தப் புல்தரையை இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்சக் காலம் சும்மா கிடக்குமாம். மற்றப் பக்கம் நிரம்பியதும் மறுபடி திறந்து, பாதையோரத்திலிருந்து வரிசையாக வைத்துக்கொண்டு போவார்களாம்.

"அப்போது அவர் இருக்கிற இடத்தில்?"

"வேறு ஒருவர்."

"அந்த ஒருவர் நானாக இருக்கலாமா?"

அவள் தன் திட்ட வரைபடத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பாவம், எனக்காக ஒரு வழி தேடியது தெரிந்தது. வரிசைக் கல்லறையில் முன்பதிவு இல்லை, எவர் எப்போது இறக்கிறாரோ அந்த ஒழுங்கில்தான் இடம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கள் முறை அந்த இடத்தில் வந்து விழுந்தால் தடை ஒன்றும் இல்லை," என்றாள். எப்போது திறப்பார்கள் என்றேன். பத்து வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றாள்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பிரஷர் இருக்கிறது, சீனி இருக்கிறது. முந்தியெல்லாம் குளிசையை நினைவு வந்தால் போடுவேன், இல்லாவிட்டால் இல்லை. இப்போது மருந்துக்கடையில் கிழமை நாள் எழுதின பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் தவறாமல் போடுகிறேன், பின்னேரம் நடக்கிறேன், இனிப்பைத் தொடுவதில்லை. "அம்மாவுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று மகனுக்குப் பெரிய சந்தோசம். பாதையோரத்திலிருந்து எண்ணினால் அவர் ஒன்பதாவது. அந்தத் தரையைத் திறக்கும்வரை நான் உயிரோடு இருக்க வேண்டும், திறந்த பிறகு ஊரில் எட்டுப் பேர் சாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். மகனிடம் இதைச் சொல்லவில்லை.